அக்காவின் சீலைப் பை

என் மகள் வெள்ளவத்தை வீட்டு மதிலில் பந்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவோ என்று எழுந்தவள், அந்தச் சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

இதே மதிலில்தான் என் அக்கா நெட்போல் பழகினாள். பள்ளிக்கூட அணிக்குக் கப்டன் அவள். சேரப்போகும் கல்லூரியின் அணியிலும் அவளுக்காக ஓர் இடம் காத்திருந்தது. அப்பா ஒரே நிபந்தனையோடு விளையாட விட்டார்: ஆட்டம் முடிந்ததும் விளையாட்டுக் கவுனுக்கு மேல் சீலை சுற்றிக்கொண்டுதான் தெருவில் வர வேண்டும். அந்தச் சீலைப் பையைச் சுமப்பது எட்டு வயதான என் வேலை.

கொட்டாஞ்சேனையில் நடந்த ஆட்டத்தில் கடைசிப் பந்தையும் அக்காதான் வளையத்துக்குள் போட்டாள். வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து கை நீட்டினாள். பையை வந்த டிராமிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கவுனோடேயே வீடு வந்தோம். வாசலில் அப்பா நின்றார். "சீலை எங்கை?"

"நான்தான் மறந்திட்டன், அப்பா," என்றாள் அக்கா.

"அப்ப இனிப் பந்தையும் மறந்திடு."

அக்கா கல்லூரிக்குப் போனாள், பந்தைத் தொடவில்லை. நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அப்பா அவளை விளையாட விட்டிருப்பாரோ?

"அந்தப் பந்தை வாங்கி வை, பிள்ளை," இப்போது உள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்கிறது.

வாங்கினேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"அப்பா, அண்டைக்குச் சீலையை விட்டிட்டு வந்தது நான்."