அஞ்சு வௌவாலும் ஒரு சம்பந்தமும்

பழைய சீனப் பீங்கான் விக்கிறது எண்டால், நாள் முழுக்கச் சிரிச்ச முகத்தோட "தொடாதேங்கோ" எண்டு சொல்லுற தொழில். லண்டனிலை எங்கட கடையிலை நான் ஒருத்திதான் தமிழ். கடையிலை நிண்டு கால் கடுக்கிற உங்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை.

பிளந்த மாதுளை

லண்டனுக்குத் தெற்காலை சட்டன் எண்ட ஊரிலை இருந்து எங்கட ஆள் ஒருத்தர், சிவம் அண்ணை, கடைக்கு வந்தார். மகள் விரும்பினது ஒரு சீனப் பெடியனை. முதன்முதல் சம்பந்தி வீட்டை போறார். வெறுங்கையோட போகேலாது, பிழையான சாமானோடையும் போகேலாது. "அப்பா, அங்கை போய் என்ரை மானத்தை வாங்கிப்போடாதேங்கோ" எண்டு மகள் சொல்லி அனுப்பினவளாம். மனுசன் பாவம், நல்லாப் பயந்துபோனார்.

மாதுளம்பழம் பிளந்து முத்துத் தெரியிற சாடி ஒண்டைக் காட்டினன். நிறைய முத்தெண்டால் நிறையப் பிள்ளையள் பிறக்கட்டும் எண்ட வாழ்த்து எண்டன். அண்ணை சாடியை மெதுவா என்ரை பக்கம் தள்ளினார்.

"தங்கச்சி, இன்னும் மோதிரமே மாத்தேல்லை, நீ பேரப்பிள்ளையள் வரைக்கும் போயிட்டாய்!"

வௌவால்

அடுத்தது, சுத்தவர அஞ்சு சிவப்பு வௌவால் பறக்கிற தட்டு, நடுவிலை பீச் பழம். எனக்கு அதெண்டால் உயிர். அண்ணைக்கு முகம் கறுத்துப்போச்சு. எங்கட சனத்துக்கு வௌவால் வீட்டுக்கை வந்தால் தரித்திரமெல்லோ!

சீனருக்கு அதுதான் அதிர்ஷ்டம், அண்ணை, அவையின்ரை பாஷையிலை வௌவாலுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் ஒரே உச்சரிப்பு. அஞ்சு வௌவாலெண்டால் அஞ்சு பாக்கியம், நீண்ட ஆயுள், செல்வம், சுகம், நல்ல குணம், கடைசியிலை நல்ல சாவு எண்டு அடுக்கினன். அந்தச் சாவை மட்டும் நான் சொல்லாமல் விழுங்கியிருக்கலாம். அவர் தட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தார், பெருமூச்சு விட்டார், கடைசியிலை சம்மதிச்சார்.

"கொண்டு போறன். பிழையாப் போச்சுதெண்டால் எனக்குச் சம்பந்தியும் இல்லை, உனக்கு அண்ணையும் இல்லை."

தேங்காய்

ஞாயிற்றுக்கிழமை போனிலை ஒரு படம் வந்துது. ஐயோ! என்ரை அருமைத் தட்டிலை வெத்திலை, வாழைப்பழம், நடுவிலை குடுமியோட ஒரு தேங்காய்! எங்கட ஆக்களுக்குச் சம்பந்தம் பேசப் போறதெண்டால் தட்டம் வைக்க வேணும், அது எந்தக் காலத்துத் தட்டெண்டாலும். உடனை போன் அடிச்சன். "அண்ணை, முதல்லை தேங்காயை இறக்குங்கோ!"

அதைப் பெடியன்ரை தாயே இறக்கிப்போட்டாவாம். பிறகு பழம், பிறகு வெத்திலை. ஒண்டொண்டா எடுக்க எடுக்க ஒவ்வொரு வௌவாலா வெளியிலை வந்துதாம். அஞ்சாவதைக் கண்ட உடனை அண்ணையின்ரை மகளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதிட்டாவாம். அண்ணை போனிலை சொல்லிக்கொண்டே போனார்.

"ஆர் பாத்து எடுத்ததெண்டு கேட்டினம், என்ரை தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டன், கலியாணத்துக்குப் பொம்பிளை வீட்டுப் பக்கம் வந்து நில்லு!"

அண்டைக்கு எனக்கு வந்த பெருமையை மட்டும் எங்கட கடைக் கண்ணாடி அலுமாரிக்கை வைச்சுப் பூட்டேலாமல் போச்சு.