மண்வாசம் வீசிய கார்

ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடை ஓரம் காலையில் முகமூடி போட்ட கார் ஒன்று நிற்கும். உடம்பு முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக, சுழி சுழியாய் ஸ்டிக்கர். இன்னும் விற்பனைக்கு வராத வண்டியாம். ரோட்டில் ஓட்டிச் சோதிக்கிறவரை அதன் முகம் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம். ஓட்டி வந்தவர்கள் அதன் பானட்டிலேயே டம்ளரை வைத்து டீ குடிப்பார்கள். வந்த புதிதில் வாயைப் பிளந்து பார்த்தேன். இப்போது, கம்பெனி பஸ் வருவதை மறைக்கிறதே என்று எரிச்சலோடு பார்க்கிறேன். ஓர் ஊர் நம்முடையதாகிற விதம் இதுதான் போலும். அதிசயங்கள் ஒவ்வொன்றாக இடைஞ்சலாகிவிடுகின்றன.

விளாத்திகுளத்துக்கு மேற்கே, கரிசல் காட்டில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். அங்கிருந்து கிளம்பி வந்து இங்கே ஷிஃப்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிற என்னைப் போன்றவர்களுக்கும்தான். நம் பக்கத்தில் கார் என்றால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் பெண்களுக்குப் பின்சீட்டின் நடுவிடம். இங்கோ கொரிய எழுத்தில் போர்டு வைத்த சாப்பாட்டுக் கடை, இந்தியில் எழுதிய 'அறை வாடகைக்கு', ஏரிக்கரையில் மாடு, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் நம்பர் பிளேட் இல்லாத புதுக் கார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாட்டுக்கு வந்துவிட்டேன். மகள் படிப்புக்காக அவளும் நானும் குன்றத்தூரில். நிலத்தை விட மனம் வராத என் வீட்டுக்காரர் அங்கே. கார் சீட் தைக்கிற ஃபேக்டரியில் எனக்கு வேலை. எத்தனையோ பேர் உட்காரத் தைத்திருக்கிறேன். ஓட்டுகிறவர் இடத்தில் நான் உட்கார்ந்தது டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மட்டும்.

இந்த வருஷம் என்னை டிரெய்னர் ஆக்க முடிவு செய்தார்கள். புதிதாகச் சேருகிற பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலையில் ஒரகடம் பிளான்ட், மதியத்துக்கு மேல் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் இருக்கிற இன்னொன்று. நடுவே கம்பெனி பஸ் கிடையாது. டிரெய்லர் லாரி உரசிப் போகிற காற்றிலேயே ஸ்கூட்டர் தள்ளாடும். "மாசக் கடைசிக்குள்ள வண்டி இருந்தா போஸ்ட் உங்களுக்குத்தான். இல்லன்னா தையல் லைன்லயே இருங்க, பரவால்ல" என்றார் மேனேஜர். அந்தப் 'பரவால்ல' என்னைத் தூங்கவிடவில்லை. கையிலிருந்த சேமிப்பு ஒரே ஒரு பழைய காருக்குத்தான் தாங்கும். தப்பான வண்டியை வாங்கினால் பணமும் போகும், அந்தப் போஸ்ட்டும் போகும்.

துணைக்கு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு லைனில் வேலை பார்ப்பவள், பிள்ளைப்பாக்கத்துக்காரி, என்னைவிடச் சின்னவள், வாயில் மட்டும் பெரியவள். ஹைவே ஓரத்தில் பழைய வண்டி விற்கிறவர், எங்கள் இருவரையும் தாண்டிப் பின்னால் யாரையோ தேடினார்.

"சார் வரலியா மேடம்?"

"ஓட்டப்போறது நான்தாங்க."

"இல்ல... பேசி முடிக்கிறதுக்கு..."

"பேசறதுக்குத்தாண்ணா நான் வந்துகீறேன். நீ வண்டிய காட்டு" என்றாள் எஸ்தர்.

வெள்ளை நிற வண்டி. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. "சிங்கிள் ஓனர். லேடீஸ் ஓட்டுன வண்டி மேடம். கோயில், மார்க்கெட், அவ்ளோதான்" என்றார் அவர்.

"ஆமா, ஆம்பள ஓட்டுனா மட்டும் நிலாவுக்கா ஓட்டிக்கினு போறான்?" என்று எஸ்தர் முணுமுணுத்தாள்.

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். புது சீட் கவர், தையல் ஒழுங்காக இருந்தது. தொழில் புத்தி, முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தேன். கண்ணாடியை ஏற்றியதும் அந்த வாசனை வந்தது. வெயிலில் வெடித்துக் கிடக்கிற கரிசல் மேல் முதல் மழை இறங்கும்போது வருமே, அது. எங்கள் தெருவில் அந்த வாசனை வந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோம். என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல் காட்டுக்கு நடப்பார். அன்றைக்கு யாருக்கும் யார் மேலும் கோபம் இருக்காது. இத்தனை தொலைவில், இரும்பும் தாருமான ரோட்டோரத்தில், ஒரு காருக்குள் நம் ஊர் மழை எனக்காகக் காத்திருந்தது போலிருந்தது. இதுதான் என் வண்டி என்று முடிவே செய்துவிட்டேன்.

"நல்லா மண்வாசம் அடிக்குதுங்களே!" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

விற்கிறவர் முகம் செத்துப்போனது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். வாட்டர் வாஷ் வுட்டது, காயல. சென்ட் பாட்டில் வெச்சித் தரேன். ரேட்டுகூட நீங்க ஒண்ணு சொல்லுங்க, கொறச்சிக்கலாம்."

புகழ்ந்தால் விலையைக் குறைக்கிற ஊரா இது என்று எனக்கு ஆச்சரியம். எஸ்தர் அந்தப் பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். மூக்கைச் சுளித்தாள். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்தாள், இழுத்தாள், இனி வராது என்கிறவரை இழுத்தாள். வழக்கமாக உள்ளேயே சுருண்டு கிடக்கிற கடைசிப் பகுதி வெளியே வந்தது. அதன் குறுக்கே பழுப்பாய் ஒரு கோடு. நெசவுக்குள் புகுந்து காய்ந்த வண்டல்.

"யக்கா, எறங்கு. வெள்ளத்துல முழுவின வண்டி."

"இந்தப் பக்கத்துல எந்த வண்டிம்மா தண்ணி பாக்கல?" என்றார் அவர்.

"பாத்தத சொல்லி வித்தா நீ வியாபாரி. லேடீஸ் ஓட்டுச்சாம் லேடீஸ்! மீனுதான் ஓட்டிக்கீது!"

டீக்கடையில் அவள் டீயைக் குடிக்காமல் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்கண்ணன் வூடு ஆத்தோரம்க்கா. தண்ணி வடிஞ்சப்புறம் நான்தான் போயி சேறு வாரினேன். பீரோக்குள்ள, அரிசி டப்பாக்குள்ள, எல்லாத்துலயும் இதே நாத்தம். இன்னிக்கும் மூக்குல பட்டா எனக்கு சோறு எறங்காது. நீ இன்னாடான்னா சிரிச்சிக்கினு கீற!"

மழையே காணாத ஊர்க்காரி, வெள்ளத்தை வாசனை பிடித்துச் சந்தோஷப்பட்டேன். அவளுக்கு அது நாற்றம், எனக்கு வாசம். இரண்டு பேர் மூக்கும் பொய் சொல்லவில்லை.

அதனால் தோழிகளே, வடக்கே வந்து பழைய வண்டி வாங்குகிறவர்கள், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கால்மிதியைத் தூக்குங்கள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் கைவிட்டுத் துழாவுங்கள். பழைய வண்டிக்குள் எல்லாமே புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது நீங்களே சாவி போடுங்கள். பாட்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், வண்டி தன் கதையைத் தானே சொல்லும். 'சார் வரலியா' என்றால் கோபப்பட வேண்டாம், இன்னும் நிதானமாகப் பாருங்கள். வாங்கிய பிறகு டயருக்குக் காற்றை நீங்களே நின்று பிடியுங்கள். செருப்பைக் கழற்றி பெடல் பக்கம் போடாதீர்கள், நழுவி பிரேக்குக்கு அடியில் போய்விடும். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். இன்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டால் பிழைக்காது.

மாசம் முடிவதற்குள் குன்றத்தூரிலேயே ஒரு டீச்சரம்மாவின் வண்டி அமைந்தது. நான் எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பார்ப்பதைக் கண்டு, "புடவைக் கடையில பார்டர் பாக்குற மாதிரி பாக்குறியேம்மா" என்று சிரித்தார். மறுநாளே மேனேஜரிடம் சாவியைத் தூக்கிக் காட்டினேன். இப்போது மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரகடத்திலிருந்து நானே கிளம்புகிறேன். பக்கத்தில் லாரிகள் மலை மாதிரி போகின்றன. நான் என் பாதையில் போகிறேன். அந்த அரைமணி நேரம் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்படியொரு நேரம் என் வாழ்க்கையில் இதற்கு முன் இருந்ததில்லை.

ஐப்பசியில் கனமழை என்றார்கள். எங்கள் தெருவே பரபரத்தது. இங்கே மழை என்றால் முதலில் வண்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஏரி நிரம்பினால் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். நானும் ஓட்டிப்போய் குன்றத்தூர் மலையடிவாரச் சாலையோரம், வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். மழை பிடித்துக்கொண்டது. போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

"அங்க ஊத்துதாமே? டிவியில காட்டுறான். இங்க வானம் வெறிச்சுனு கெடக்கு. வெதச்சது மொளைக்கணும்லா... கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பி விடேன்."

"வண்டியில ஏத்தியா அனுப்ப முடியும்?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு, நிற்கட்டும் என்று வேண்டுவதா, பெய்யட்டும் என்று வேண்டுவதா என்று தெரியவில்லை. கண்ணாடியை இறக்கி வலது கையை மழையில் நீட்டினேன். இடது கை ஹேண்ட் பிரேக்கை இறுகப் பிடித்திருந்தது.