சாவி விழுந்தால் பை விழும்

அந்தத் தனியார் பஸ் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டிச் சாவி ஒரு டிரைவரின் கையிலிருந்து அடுத்த டிரைவரின் கைக்கு நேராகப் போகும். முதலாளியின் மேசைப் பக்கம் மட்டும் போகாது. மேசையில் சாவி விழுந்தால் அந்த டிரைவர் வேலையை விட்டான் என்று பொருள். கண்டக்டருக்கும் அதே கதைதான், சாவிக்குப் பதில் டிக்கெட் பை. கடிதம், கையெழுத்து ஒன்றும் கிடையாது.

சவுரிராயன் அந்தச் சாவியைப் பதினான்கு வருடம் வைத்திருந்தார். விழுப்புரம், திண்டிவனம் தடத்தில் எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவிக்கு மூட்டை உண்டு, எவன் ஓடிவந்து தொற்றுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு நாள் ஓட்டினால் இரண்டு நாள் ஓய்வு. மாதம் பதினைந்து டூட்டி, டூட்டிக்குத் தொள்ளாயிரம். நாலு வருடமாக அந்தத் தொள்ளாயிரம் மட்டும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. மற்றவையெல்லாம் எழுந்து ஓடின. திண்டிவனத்தில் அவர் குடியிருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டின் வாடகை ஐயாயிரத்தைத் தாண்டி, சித்திரையில் ஆறாயிரத்தைத் தொட்டது. எண்ணெய், பால், காஸ் என்று எதைத் தொட்டாலும் சுட்டது. மனைவி வேணி துணிக்கடையில் நின்று கால் வீங்கி வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே மகள் அஸ்வினியின் கல்லூரிப் பேருந்துக் கட்டணம். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதனுக்குத் தன் பெண்ணைப் பேருந்தில் அனுப்ப வழியில்லை என்றால் சிரிப்பு வருமா, வயிறு எரியுமா?

"இந்த வாட்டி பீஸு கட்டலன்னா நின்னுடறேன்பா, அம்மா கூட கடைக்குப் போறேன்" என்று அஸ்வினி ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் அவர் முடிவு செய்தார். டூட்டிக்கு இருநூறு ரூபாய் கூட வேண்டும். பெண் நின்றுவிடக் கூடாது.

அதை முதலில் சொன்னது கண்டக்டர் முத்துசாமியிடம். வேறு யாரிடம் சொல்வார்? பதினான்கு வருட ஜோடி. டிரைவரும் கண்டக்டரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்ததைவிட ஒருவரோடொருவர் இருந்த நேரம்தான் அதிகம். முத்துசாமிக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கூட்டத்தில் தூரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். மிச்சம் சட்டைப் பையில் இறங்கும். சவுரிராயன் அதில் ஒரு ரூபாய் தொட்டதில்லை. ஆனால் சாலையோரம் செக்கரின் தலை தெரிந்தால் ஹாரனை இரண்டு தரம் குட்டையாக அடிப்பார். முத்துசாமி அவசரமாகப் புது டிக்கெட் கிழித்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார். பதினான்கு வருடம் அந்த ஹாரன்தான் முத்துசாமியின் வேலையைக் காப்பாற்றியது. தப்புதான். ஆனாலும் கூட்டாளியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கூட்டேரிப்பட்டு டீக்கடையில் வைத்துப் பேசினார்கள்.

"தனியா போயி கேட்டா ஆள மாத்திடுவாரு சவுரி. ரெண்டு பேருமா போவோம்" என்றார் முத்துசாமி. "பெரிய முகூர்த்தம் வருது பாரு, அன்னிக்கி காலைல. வண்டி நின்னா அவருக்குத்தான் பேஜாரு. நீ சாவிய வையி, நான் பைய வைக்கிறேன். அலறிக்கினு குடுப்பாரு."

"வைப்பியா?"

"இன்னா இப்புடி கேட்டுட்ட? சாவி விழுந்தா பை விழும்பா."

டீக்கு முத்துசாமிதான் காசு கொடுத்தார். அதையும் பிற்பாடு சவுரிராயன் யோசித்துப் பார்த்தார். அதற்கு முன் முத்துசாமி டீக்குக் காசு கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

முகூர்த்த நாள் வந்தது. விழுப்புரம் ஷெட்டில் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து முடித்திருந்தார்கள். வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு இருவரும் ஆபீஸ் அறைக்குள் போனார்கள். முதலாளி பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மொதலாளி, டூட்டிக்கு எரநூறு சேத்துக் குடுங்க. கட்டுப்படியாவல."

"எனக்கு மட்டும் ஆவுதா சவுரி? பொம்பளைங்கல்லாம் ஃப்ரீ பஸ்ஸுல ஏறிப் போயிக்கினு இருக்காங்க. கலெக்‌ஷன் எங்க இருக்கு?"

"அப்ப எங்களால முடியாதுங்க" என்று சொல்லி சவுரிராயன் சாவியை மேசையில் வைத்தார். கண்ணாடி மேல் அது டக்கென்று விழுந்தது. பக்கத்தில் பை விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

விழவில்லை. முத்துசாமி பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். சவுரிராயனின் அசல் லைசென்ஸ். வேலைக்குச் சேரும்போது வாங்கி பீரோவில் பூட்டிவைப்பார்கள். ஒரு டிரைவர் நின்றால் அதைத் தேடி எடுக்க அரை நாள் ஆகும். இன்றைக்கு அது சட்டைப் பையில் தயாராக இருந்தது. அப்போதுதான் சவுரிராயனுக்கு விளங்கியது. ஆக, இந்தச் சாவி இன்று விழும் என்று முதலாளிக்கு நேற்றே தெரியும். தெரிந்த ஆள் இரண்டே பேர். ஒருவர் சவுரிராயனே.

"கோபி" என்று முதலாளி வெளியே பார்த்துக் கூப்பிட்டார். வந்தவன் முத்துசாமியின் மருமகன். அவன் கல்யாணத்துக்கு ஒரு வேன் ஆட்களை மயிலம் கோயிலுக்கு ஏற்றிப்போனவர் சவுரிராயன்தான். கூலி கேட்கவில்லை, சாப்பாடு கூடக் கடைசிப் பந்தி. கோபி அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனான். எண்ணூறுக்கு ஒத்துக்கொண்டிருந்தானாம்.

வெளியே வந்ததும் முத்துசாமி பின்னாலேயே வந்தார். "சவுரி, தப்பா எடுத்துக்காத. பொண்ணு வூட்டுக்கு வந்து ஆறு மாசமா குந்திக்கினு இருக்குது. அவனுக்கு ஒரு வேல கெடச்சாதான் கூட்டிக்கினு போவேன்னுட்டான். நான் இன்னா பண்றது?"

"எம்பொண்ணு?"

முத்துசாமி பையைத் தோளில் மாட்டினார். கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார் சவுரிராயன். இந்த மனிதர் குழியைத் தோண்டி, நாளும் குறித்து, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தல்லவா தள்ளினார்! காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாய் உலர்ந்து கிடந்தது.

வீட்டுக்குப் போக வேண்டும். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்து ஒன்று காலியாக நின்றது. சவுரிராயன் அதில் ஏறவில்லை. தன் வண்டியில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். பதினான்கு வருடத்தில் அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கோபி கியரைப் போட்டபோது வண்டி முனகியது அவர் பல்லில் கூசியது.

முகூர்த்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முத்துசாமி கடைசி வரை வந்தார். பேருந்து வேலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் டிக்கெட் கிழிப்பதில்லை. சவுரிராயன் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினார்.

"திண்டிவனம் ஒண்ணு."

"இன்னா சவுரி இது, உன்கிட்டப் போயி…"

"கிழி. செக்கர் ஏறுனா ஒனக்குத்தான் கஷ்டம். ஹாரன் அடிக்க முன்னாடி நான் இல்ல."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துசாமி நோட்டை வாங்கினார். டிக்கெட்டைக் கிழித்தார், சில்லறையை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார், அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

விக்கிரவாண்டி தாண்டியபின்தான் சவுரிராயன் டிக்கெட்டை விரித்துப் பார்த்தார். பிடித்திருந்தது திண்டிவனத்துக் காசு. டிக்கெட் கூட்டேரிப்பட்டு வரைக்கும்தான்.

வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். பழகிய கை, தானாகப் போயிருக்கும். அதுதான் சவுரிராயனுக்குத் தாங்கவில்லை. காலையில் நடந்ததற்குக் கூட ஒரு காரணம் இருந்தது, ஒரு பெண்ணின் வாழ்க்கை இருந்தது. இதற்கு என்ன இருக்கிறது? அந்தக் கைக்கு அவரும் கூட்டத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அவர் எழுந்து நின்று டிக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"எனக்குமாடா முத்து?"

முன்படிக்கட்டில் நின்ற முத்துசாமி திரும்பினார். கட்டணத்துக்குக் கட்டணம் மாறும் டிக்கெட்டின் நிறத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். நிறுத்தம் நெருங்கியது, விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டியவர்கள் சத்தம் போட, வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.