பழனியம்மாளின் கூடையில் கிடந்த பச்சைக்காய்

கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த போன் வந்தது. பழனியம்மாளின் மகள் சுமதி பேசினாள். "சார், அம்மா போயிட்டாங்க. காத்தால எந்திரிக்கவே இல்லைங்க. சாயங்காலம் எடுத்துருவோம். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணுச்சுங்க." சீட்டை அங்கேயே போட்டுவிட்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறினேன்.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு அவர் முகம் தெரியும். பனிமூட்டத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே, இடுப்பில் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் பெண். கூடையில் சிவப்புப் பழங்களும் பச்சைக் காய்களும் கலந்து கிடக்கும். காலண்டரிலும் கண்காட்சித் தட்டியிலும் வந்த அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். ஆனால் பழனியம்மாளைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். நான் பதில் சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான்.

நான் பத்திரிகைகளுக்குப் பயணக் கட்டுரை எழுதிக்கொண்டு, கேமராவும் கையுமாக மலையூர்களில் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. நாகலூர் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த பெண்களைக் கேட்காமல் கொள்ளாமல் படம் எடுத்தேன். அவர்களில் ஒருவர் நேரே என்னிடம் வந்தார். "ஏனுங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் புடிக்கக் கூடாதுங்களா? கேட்டா வேண்டாம்னா சொல்லப் போறோம்?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவரே சிரித்துவிட்டு, "இப்பப் புடிங்க, நேரா நிக்கறோம்" என்றார். அப்படித்தான் பழக்கமானது. அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் ஒரு டம்ளர் கறுப்புக் காப்பி நிச்சயம் உண்டு. நான் அவரை அக்கா என்பேன். அவருக்கு நான் கடைசிவரை சார்தான்.

அவர் பழம் பறிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பலரும் அவசரத்தில் கிளையோடு உருவிவிடுவார்கள். உருவினால் காயும் சேர்ந்து வந்துவிடும், காய் கலந்தால் காப்பி கெட்டுப்போகும். பழனியம்மாள் ஒவ்வொரு பழமாகத் திருகி எடுப்பார். கண்ணெதிரே இருப்பது தெரியாத பனியிலும் விரலால் அழுத்திப் பார்த்தே பழமா காயா என்று சொல்லிவிடுவார். சாயங்காலம் எடை போடும்போது கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் எல்லார் கூடையையும் கொட்டிக் கிளறிப் பார்ப்பாராம். இவர் கூடையில் மட்டும் கை வைக்க மாட்டாராம். "இன்னும் பத்து நா பொறுத்தா அதே பழுத்துருமுங்க. அதைப் போயி இன்னிக்கே புடுங்கறது எதுக்கு?" என்பார். அடுத்த பறிப்புக்கு அவரையே பெண்களிடம் வேலை வாங்கும் மேஸ்திரியாகப் போடுவதாகப் பேச்சும் இருந்தது. அந்த லைனிலிருந்து ஒரு பெண் மேஸ்திரியாவது அதுதான் முதல்முறை. அதைச் சொல்லும்போது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தப் படம் எடுத்த காலையில் வெளிச்சம் அருமையாக இருந்தது. ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டேன். எனக்குத்தான் போதவில்லை. கூடை முழுக்க ஒரே சிவப்பாக இருக்கிறது, நடுவில் கொஞ்சம் பச்சை இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. "அக்கா, ஒரு கை பச்சைக்காயும் பறிச்சுப் போடுங்களேன்" என்றேன்.

"அது தப்புங்க சார்."

"படத்துக்குத்தானே அக்கா. அப்புறம் எடுத்துப் போட்டுடலாம்."

என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு தேடி வந்து பழகியவன் கேட்கிறான், மறுக்கக் கூசியிருக்கிறது. ஒரு கிளையைப் பிடித்து உருவிப் போட்டார். நீங்கள் எல்லோரும் பார்த்த அந்தச் சிரிப்பு, தப்புச் செய்த கூச்சத்தில் வந்த சிரிப்பு.

அந்தப் படத்துக்குப் போட்டியொன்றில் முதல் பரிசு கிடைத்தது. எதையும் மாற்றி அமைக்காமல், வாழ்க்கையை உள்ளபடி எடுத்த படங்களுக்கான போட்டி. அப்படித்தான் எடுத்தேன் என்று நான் கூசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். பெருமை தாங்காமல், பெரிதாகச் சட்டம் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். பழனியம்மாள் வெகுநேரம் பார்த்தார். "கூடைய மட்டும் மறைச்சிருக்கலாமுங்க" என்றார். நான் தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற மடையன் இருக்க முடியாது.

காப்பி வாங்க வந்த வியாபாரி ஒருவர் எஸ்டேட் ஆபீசில் மாட்டியிருந்த காலண்டரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் எஸ்டேட்டில் இப்படித்தான் பறிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி வேலை வேறொருவருக்குப் போனது. பழனியம்மாளைப் பறிப்பிலிருந்தே எடுத்து, களை வெட்ட அனுப்பினார்கள். லைனில் இரண்டு பழனியம்மாக்கள் உண்டு. அன்றிலிருந்து இவர் 'பச்சக்காய் பழனியம்மா' ஆனார்.

ஒருநாள் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தார். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. படத்துல இருக்குதேங்கறாங்க. நீங்க வந்து ரைட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுங்க சார்." அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் என்றேன். போகவில்லை. சொன்னால் பரிசு போகும், பெயர் போகும். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று வருஷங்கள் ஓடின. அதே மலையில் மஞ்சக்குட்டைக்கும் கரடியூருக்கும் போனேன். நாகலூர்ப் பாதையை மட்டும் தவிர்த்தேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் போயிருப்பேனா என்றால், மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். லைன் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று சொன்னேன். "அந்தப் பச்சைக்காயைப் பறிக்கச் சொன்னது நான். அக்கா மாட்டேன் என்றார். நான்தான் வற்புறுத்தினேன்." யாரும் கோபப்படவில்லை. வயதான ஒரு பெண் எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "போனவங்களப் பத்தி நல்லதாச் சொல்லோணும்னு நெனைக்கறீங்க. நொம்ப நல்ல மனசுங்க சாருக்கு" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

இதை அச்சில் படிப்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். இறந்தவரைப் பற்றிய கட்டுரையில் வேறு என்ன எழுதுவார்கள்?

கிளம்பும்போது சுமதியைத் தனியே அழைத்து, போனில் ஒரு படத்தைக் காட்டினேன். நான் பச்சைக்காய் கேட்பதற்கு முன்பு எடுத்தது. அதே பனி, அதே செடி, கூடை நிறையச் சிவப்பு, ஒரு காய்கூடக் கிடையாது. பழனியம்மாள் சிரிக்காமல் வேலையில் கவனமாக இருக்கிறார். சுமதி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடைக்கு வந்தாள். பார்வை அங்கேயே நின்றது.

"இத்தன வருசமா இது உங்ககிட்டயேதான் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

இருந்தது. அவரை உள்ளபடி காட்டுவது என்று என்னிடம் இருப்பது இப்போதும் அது ஒன்றுதான்.