அமைதியான வீடு, மூன்றாவது மாடி

திருப்பதியில் பால் காய்ச்சிக் குடிபோன மூன்றாம் நாள், எதிர் வீட்டு ஆன்ட்டி ஒரு டப்பா நிறையப் புளியோதரையோடு வந்தார். டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, என் அம்மாவைச் சமையலறை ஓரமாக அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தூரில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும்; அண்ணியை வதினா என்பது மட்டும் தெலுங்கு.

"வதினா, என்னை உங்க கூடப் பொறந்தவளா நெனைச்சுக்கோங்க. பயப்படாம சொல்லுங்க. அண்ணய்யா கை நீட்டுறாரா?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள்.

"அய்ய, அவரா! கொசுவக்கூட வெளிய போம்மான்னு சொல்லி வெரட்டுற ஆளு அவரு!"

இதை அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். கீழே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

அன்று காலை ஆன்ட்டி தம் வீட்டிலிருந்து கேட்டுப் பதறிய சண்டை இதுதான்:

"சக்கர போட்டியா, இல்லியா?"

"போட்டேன்! கலக்கிக் குடி!"

"கலக்கிட்டேன்!"

"அப்பக் குடி!"

எங்கள் வீட்டில் இது காபி குடிப்பது.

எங்கள் ஊர் நகரி. முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள், அவற்றுக்குப் பின்னால் நாங்கள். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஓடும். பக்கத்து வீட்டிலும் ஓடும், எதிர் வீட்டிலும் ஓடும். அந்தச் சத்தத்துக்குள் பேச வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, அடிவயிற்றிலிருந்து கூவுவது. இன்னொன்று, எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வது, கையை ஆட்டி மீதியைச் சொல்வது. தூரத்தில் குனிந்திருப்பவரைக் கூப்பிடக் கழிவு நூலை உருட்டி முதுகில் எறிவோம். திரும்பிப் பார்ப்பார்கள். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

இதில் ஒரு வசதி உண்டு. தறி ஓடும்போது எந்த ரகசியத்தையும் தொண்டை கிழியச் சொல்லலாம். வாயைப் பார்க்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் எட்டாது. ஒரே ஆபத்து, கரன்ட் போவது. கரன்ட் போனால் தெருவே ஒரே நொடியில் ஓய்ந்துவிடும். ஆனால் வாய் ஓயாது. பிரேக் போட்ட பிறகும் லாரி கொஞ்ச தூரம் போகுமே, அப்படிப் பேச்சு போய்க்கொண்டிருக்கும். எதிர் வீட்டுக்காரி வைக்கும் குழம்பைப் பற்றி அம்மாவின் உண்மையான கருத்து என்னவென்று தெருவுக்குத் தெரிந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு இரண்டு பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து எங்களுக்குக் கரும்பு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் டீச்சர்" என்றேன். பக்கத்து வகுப்பு டீச்சர் கையில் சாக்பீஸோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். இஞ்சினியரிங் படிக்கத் திருப்பதி ஹாஸ்டலுக்கு வந்தபோதுதான் குரலைக் குறைக்கப் பழகினேன். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவள் எழாமல் போனில் பேச முடிந்த அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட இல்லை. எங்கள் வம்சத்தில் மெல்லப் பேசத் தெரிந்த முதல் மனுஷி நான். இப்போது ஏர்பேடு பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அங்கே என்னைச் சாஃப்ட் ஸ்போக்கன் என்பார்கள். வீட்டில் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை.

வீடு பார்க்க ஆரம்பித்தபோது புரோக்கரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: சத்தமில்லாத இடம். இந்த வீட்டைத் திறந்து காட்டி, "சைலன்ட் ஏரியா மேடம், ஊசி போட்டா கேக்கும்" என்றார். என் அப்பா, அதாவது நைனா, கூடத்தின் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பால்கனிக்குப் போய்க் கேட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

"இன்னாமா இது, இங்க ஆளுங்க கீறாங்களா, எல்லாம் காலி பண்ணிகினு பூட்டாங்களா?"

அதே வாரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பதிவு ஆபீசில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போக, நைனா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கையெழுத்தையும் எட்டிப் பார்த்தார். வெளியே வந்ததும் டீக்கடையில், முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு வாங்கினது" என்று சொன்னார். அவர் சொன்னது பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் அவரை அடக்கவில்லை.

அவர்கள் இருவரும் தறிச் சத்தத்திலிருந்து எழுந்து வந்து இங்கே என்னோடு இருக்க வேண்டும். நான் வீடு வாங்கியதே அதற்காகத்தான். நைனா தறிகளைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வந்தார். ஆனால் தம்முடைய பழுப்பு நிற ரெக்சின் பையை மட்டும் அவர் பிரிக்கவே இல்லை. அது கட்டிலுக்குக் கீழே, ஜிப் போட்டபடி இருந்தது.

"இருந்து பாக்கறேம்மா. ஒத்துக்கலன்னா நகரி பஸ் இருக்கவே இருக்குது."

ஒத்துக்கொள்ளாததற்கு அவரிடம் ஒரு காரணமும் தயாராக இருந்தது. கழிப்பறை. போன் செய்கிற சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதைச் சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா சேர் மாரி ஒண்ணு வெச்சிக்கீறாங்க. அதும்மேல ஒக்காந்துகினு போவணுமாம். நமக்கு ஆவுமா அது?"

ஆன்ட்டி வந்துபோன அன்று சாயங்காலம் இருவரையும் உட்கார வைத்து, இந்த வீட்டில் இனிமேல் மெதுவாகத்தான் பேச வேண்டும் என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அம்மா முயன்றாள். அவளுடைய மெல்லிய குரலில் குரலே இல்லை, குக்கர் விசிலுக்கு முந்தின காற்று மாதிரி வெறும் சீறல்தான் வந்தது. நைனா முயலவே இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

இரண்டே நாளில் இருவரும் தறி வீட்டுப் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள், சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு. கூடத்தில் நைனா வாயசைப்பார், சமையலறையிலிருந்து அம்மா கையசைப்பாள். கட்டை விரலை வாயருகே சாய்த்தால் காபி. இரண்டு விரலைக் காதில் திருகினால் கரன்ட் பில். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கூப்பிடுவதற்கு நூல் உருண்டை இல்லை அல்லவா? உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தில் ஒன்றை எடுத்து எறிவாள். குறி தப்பியதே இல்லை.

வீடு ஊசி போட்டால் கேட்கிற மாதிரி ஆனது. நான் ஆசைப்பட்டது இதுதான். ஆனால் நைனா சாப்பாட்டுக்கு நடுவில் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சிரித்தால் சத்தம் வரும்.

தயிர் உறை கேட்க வந்த ஆன்ட்டி, திறந்திருந்த கதவு வழியாக இதைப் பார்த்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருவர் கையும் காற்றில் பறக்கிறது. பெண்டாட்டி வெங்காயத்தை எடுத்துப் புருஷன் கழுத்தில் அடிக்கிறாள். ஆன்ட்டி உறையை வாங்காமலேயே திரும்பிப் போனார்.

அந்தச் சனிக்கிழமை நைனா பையை வெளியே இழுத்து வைத்தார்.

"நாளிக்குக் காலைல கெளம்பறேம்மா." அதைக்கூட முணுமுணுப்பாகத்தான் சொன்னார்.

"ஏன் நைனா?"

"அதான் சொன்னனே. அந்தச் சேரு நமக்கு ஆவல."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனால் மறுவாரமே அவளும் போய்விடுவாள். இந்தியக் கழிப்பறை வைக்க ஆள் பார்க்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஞாயிறு காலை பை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தபோது காலிங் பெல் அடித்தது. ஆன்ட்டியும் அவருடைய கணவரும். அங்கிள்தான் எங்கள் அடுக்ககத்தின் அசோசியேஷன் செக்ரட்டரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காதில் வைக்க வேண்டிய மெஷினைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் "சரே, சரே" என்று தலையாட்டுகிறவர்.

ஆன்ட்டி வாசலில் இருந்த பையைப் பார்த்தார். "அய்யோ, இந்த அளவுக்கு வந்திடுச்சா! நம்ம பில்டிங்ல இது மாதிரி நடந்ததே இல்ல. என்னங்க, சொல்லுங்க."

"சரே, சரே" என்று அங்கிள் சோபாவில் உட்கார்ந்தார்.

சமாதானம் பேச வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நகரியைச் சொன்னேன், தறியைச் சொன்னேன், நூல் உருண்டையைச் சொன்னேன். ஆன்ட்டி பாவமாக என்னைப் பார்த்தார். அப்பா அம்மாவை விட்டுக்கொடுக்காத நல்ல பெண் என்று முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "நம்பலியா? பாப்பா, மிக்சியப் போடு. துணி மெஷினையும் போடு. காட்டறேன்."

துணி மெஷினைப் பிழிய விட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். மிக்சியில் காய்ந்த மிளகாயும் பருப்பும் போட்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூடத்துக்கு முதுகு காட்டி நின்றேன். தறிக் கூடம் அளவுக்கு இல்லையென்றாலும், அதன் சின்னத் தங்கை என்று சொல்லும்படி ஒரு சத்தம் கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். பால்கனிப் பக்கம் நின்றிருந்த நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, அடிவயிற்றிலிருந்து ஏதோ சொன்னார். அம்மா பதில் சொன்னாள். அவர் கை நீட்டினார், அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நடுவில் சோபாவில் இருந்த ஆன்ட்டி, பந்தாட்டம் பார்க்கிறவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மூடி ஆடியதால் நான் மறுபடி மிக்சி பக்கம் திரும்பினேன்.

கரன்ட் போனது.

மிக்சி, மெஷின், ஃபேன் எல்லாம் ஒன்றாக நின்றன. நைனா நிற்கவில்லை.

"அந்தச் சேர் கக்கூஸு எனக்கு ரொம்பப் புடிச்சிக்கீதுமே! முட்டி வலியே இல்ல! நம்மளால பொண்ணுக்குத் தலகுனிவுன்னுதாம்மே கெளம்பறேன்!"

சைலன்ட் ஏரியா. மூன்று மாடிக்கும் கேட்டது. கீழே எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்தது. யாரோ சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்கள். நைனா திறந்த வாயோடு நின்றார்.

முதலில் எழுந்தவர் அங்கிள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு அப்போது இருந்தது.

"எனக்கும் அதேதான்!" என்று நைனாவை விடப் பெரிய குரலில் கத்தினார். "கீழ ஒக்காந்தா எழ முடியாது! இந்த முட்டி இருக்கே, இது!"

"ரெண்டு முட்டியுமா?" நைனா கேட்டார், அதே குரலில்.

"இடதுதான் மோசம்!"

"எனக்கு வலது!"

ஆன்ட்டி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ராமா, இவர் ஒருத்தர் போதாதுன்னு இப்ப இன்னொருத்தரா!"

"இவர் பேசறது ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது!" அங்கிள் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "இந்த பில்டிங்ல மத்தவங்களுக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?"

நான் மிக்சி மூடியோடு கூடத்துக்கு வந்தேன். மெதுவாகத்தான் கேட்க நினைத்தேன்.

"யாருக்கு நைனா தலகுனிவு? ஊர் பூரா நீ பெருமையாச் சொன்ன வூடு இது! நீ இல்லாம நான் மட்டும் இன்னா பண்றது இங்க?"

என் குரல் பால்கனி வழியாகப் போய், எதிர்ச் சுவரில் இடித்து, திரும்பி வந்தது. முதல் வகுப்பில் "உள்ளேன் டீச்சர்" சொன்ன அதே குரல். ஒன்றும் குறைந்திருக்கவில்லை.

அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. "பாத்தியா வதினா? படிச்ச பொண்ணு. மெதுவாப் பேசும்னு சொல்லிகினு திரியும்."

நைனா பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. கரன்ட் இன்னும் வராததால் நன்றாகவே கேட்டது.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எங்களைப் பற்றிப் புகார் வந்தது. செக்ரட்டரி தமக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது சாயங்காலமானால் நைனாவும் அங்கிளும் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். முட்டி, தண்ணீர் லாரி, மழை, மருமகன்கள் என்று பேச்சு போகும். எங்கள் தெருவில் யாருக்கும் எந்த விஷயமும் தெரியாமல் இல்லை. ரெக்சின் பையில் அம்மா வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள்.

நேற்று தோசை ஆறிக்கொண்டிருந்தது. மாடி ஏறச் சோம்பலாக இருந்தது. பால்கனிக்குப் போய், "நைனா! தோச துன்ன வா!" என்று ஒரு குரல் கொடுத்தேன். ஆபீசில் யாராவது கேட்டிருந்தால் அது நான் என்று நம்பியிருக்கமாட்டார்கள். அண்ணாந்து பார்த்தேன், பதில் இல்லை. பேச்சு மும்முரம்.

தம் வீட்டுப் பால்கனியில் ஆன்ட்டி துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். சத்தமே இல்லாமல், வாயை மட்டும் அழகாக, தெளிவாக அசைத்தார்: எங்க ஆளையும் சேர்த்துக் கூப்பிடு.

நான் கையை உயர்த்திச் சரி என்று காட்டிவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.