துண்டுக்கடியில் ஐந்து விரல்

புண்ணாக்கு மூட்டையை எடை போட்டுக்கொண்டிருந்தபோது மாட்டுத் தரகர் செல்லமுத்து வந்து என் கடை வாசலில் நின்றார். வழக்கமாக வந்ததும் வெற்றிலை கேட்பவர், அன்று கேட்கவில்லை.

"மயிலக்கா போயிட்டாங்கப்பா. மத்தியானம் மொளகா காயப்போட்டுட்டுக் கட்டல்ல சாஞ்சாங்களாம். அவ்ளோதான்."

தராசைக் கீழே வைத்தேன். துக்கச் செய்தி கேட்டால் தொண்டை அடைக்கும் என்பார்கள். எனக்கு முதலில் நாக்கு எரிந்தது. மயிலக்காவை அறிந்தவர்களுக்கு இது புரியும். அறியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. பிழையிருந்தால் அதன் பொறுப்பு.

அவருடைய உண்மையான பெயர் மெய்லான். சீனாவில் சிச்சுவான் பக்கத்துக்காரர். கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி பர்மாவுக்குப் போன தகப்பனாரோடு சிறுவயதில் வந்து, அங்கேயே வளர்ந்து, அங்கே கடை வைத்திருந்த நம் முத்தையா அண்ணனை மணந்துகொண்டார். பர்மாவிலிருந்து தமிழர்கள் திரும்பியபோது அண்ணனின் உறவினர்கள் இருந்த, கேரள எல்லையோரத்து எங்கள் வேலந்தாவளத்துக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தார். அக்கா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது எழுபத்தொன்று வாக்கில், சந்தைக்கு எதிரே ராமசாமிக் கவுண்டரின் ஒற்றை அறைக் கடைமுறியை வாடகைக்குப் பிடித்து நான்கு பெஞ்சு போட்டார். இட்லி கிடையாது, புரோட்டா கிடையாது. சோறும், அவர் பிறந்த ஊர்ப் பதார்த்தங்களும் மட்டுமே.

அந்தக் கடையில் முதலில் குடும்பத்தோடு சாப்பிடப் போன புத்திசாலி நான்தான். மனைவி சரசு, இரண்டு பெண் குழந்தைகள், மடிப்புக் கலையாத சட்டை எல்லாம் சேர்ந்து போனோம். "ஓட்டல்ல போய்ச் சாப்பிடறதுன்னா கோயமுத்தூர்தான் போகோணுமா?" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனேன்.

கடலை மாவைக் காய்ச்சி உறையவைத்த மஞ்சள் கட்டிகள், மொச்சையை உப்பும் மிளகாயும் சேர்த்து ஜாடியில் வெயில் காட்டிப் புளிக்கவைத்த விழுதில் மிதந்து வந்தன. அதன் மேல் ஏதோ ஒரு கருங்கொட்டைப் பொடி. சூரியநெல்லியில் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் அண்ணனின் தங்கை, அந்தப் பொடிக்காக மலையிலிருந்து முள்ளிலம் என்ற முள்மரத்தின் காய் பறித்து, உலர்த்திப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். அது நாக்கில் பட்டால் காரம் இல்லை. உதடு மரத்துப்போய், சின்ன எறும்புகள் ஊர்வது போலிருக்கும். அக்காவின் ஊரில் இதற்கு உறவான ஒரு காய் உண்டாம். "அண்ணன் தம்பி மாதிரிங்க, மூக்கு ஒண்ணு, குணம் கொஞ்சம் வேற" என்பார்.

அடுத்து வந்தது கோழி. கோழி என்றுதான் சொன்னார்கள். இலையில் தெரிந்ததெல்லாம் வறுத்த வற்றல் மிளகாய்க் குவியல். உள்ளே தேடினால் ஒரு துண்டு, இன்னும் தேடினால் இன்னொன்று. இலையில் மிச்சம் வைத்தால் சமைத்தவரை அவமதித்ததாகும் என்று வளர்க்கப்பட்டவன் நான். கோழி தீர்ந்த பிறகு மிளகாயைத் தின்ன ஆரம்பித்தேன். சரசு தொடையில் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை.

அக்கா இலை எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, மொளகாயெல்லாம் எங்கீங்க?"

"சாப்ட்டுப்போட்டனுங்க்கா."

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடியை விட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "அது கோழி ஒளிஞ்சுக்கிற எடமுங்க. அதை யாரும் திங்கறதில்லீங்க. ஒதுக்கி வெச்சுட்டுப் போறதுதான் மரியாதை." நான்கு டம்ளர் மோர் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த இரண்டு நாள் நான் கடையில் யாரோடும் பேசவில்லை. பேசியிருந்தாலும் வார்த்தை வந்திருக்காது.

கதை சந்தை முழுக்கப் பரவிவிட்டது. ஊரே சிரித்தது. அதில் ஒரு வினை வந்து சேர்ந்தது: ஆண்கள் யாரும் அந்தக் கடைக்குள் நுழையவில்லை. நாலு பேர் பார்க்க மூக்கொழுக நின்று, "காரம் கொறச்சுப் போடுங்க" என்று கேட்க எவனுக்கு மனசு வரும்? மீசை வைத்தவனெல்லாம் இன்னொரு புண்ணாக்குக்கடைக்காரன் ஆகிவிடுவோமோ என்று பயந்தான்.

பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கவுண்டர் வந்து நேராகவே சொன்னார்: "அம்மிணி, எங்களாட்டம் கொழம்பு வெய்யுங்க. இல்லாட்டி மாட்டுப்பொங்கல் சந்தை முடிஞ்சதும் முறியைக் காலி பண்ணிக் குடுங்க. புரோட்டாக் கடைக்காரர் கேட்டுட்டு இருக்காரு."

அக்கா அவருக்கு ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டு, "எங்கம்மா மூஞ்சி எனக்கு மறந்து போச்சுங்க. இந்த ருசி ஒண்ணுதான் நாபகம் இருக்குது. அதையும் மாத்தினா அவங்களை எங்க போய்த் தேடுவனுங்க?" என்றார். கவுண்டர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். கெடு மட்டும் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில் அக்கா செய்ய வேறு வேலையில்லாமல் வாசலில் நின்று சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகரும் வாங்குபவரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் யார் எவ்வளவு கேட்டார், யார் இறங்கி வந்தார் என்று எவருக்கும் தெரியாது. யாருக்கும் தலைகுனிவு இல்லை.

அக்கா அண்ணனைக் கூப்பிட்டார். "ஏங்க, அந்தத் துண்டை எடுத்துட்டு நம்ம கடைக்கு வாங்க."

அடுத்த சந்தையிலிருந்து அதுதான் முறை. சாப்பிட வருபவர் உட்கார்ந்ததும் அண்ணன் கை நீட்டுவார், துண்டு விழும். ஒரு விரல் பிடித்தால் குழந்தைக் காரம். ஐந்தும் பிடித்தால் அக்காவின் அம்மா வீட்டுக் காரம். அண்ணன் உள்ளே போய்க் காதோடு சொல்லிவிட்டு வருவார். பெண்களுக்குத் துண்டு கிடையாது. அவர்கள் அடுப்படி வாசலில் நின்று நேராகக் கேட்டுக்கொள்வார்கள். சரசு கேட்டது எல்லாருக்கும் கேட்டது: "எனக்கு அப்படியே போடுங்க்கா. அவருக்கு என்ன வேணுமோ அவர்கிட்டக் கேட்டுக்கங்க."

பெஞ்சுகள் நிரம்பின. பொள்ளாச்சி வியாபாரிகள் மாட்டைக் கட்டிவிட்டு நேராக இங்கே வந்தார்கள். மாட்டுப்பொங்கல் சந்தையன்று கவுண்டரே வந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார். துண்டு விழுந்தது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் சாப்பிட்டு, கண் சிவந்து, வியர்வையைத் துடைத்து, இன்னொரு கரண்டி கேட்டார். கை கழுவும்போது, "புரோட்டாக்காரனை வேற எடம் பாக்கச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

அவர் போன பின் நாங்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டோம். கவுண்டர் எத்தனை விரல்?

"சந்தையில வெல சொல்லுவீங்களாங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார்.

கடைசிவரை யாருடைய விரலும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. என் ரகசியத்தை நானே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமும் ஒரே விரல்தான். ஒருமுறை மட்டும், பெரியவள் பத்தாம் வகுப்பு தேறிய சந்தோஷத்தில், இரண்டு. பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து விரல் காரத்தைக் கண்ணீரில்லாமல் சாப்பிடும் சரசுவுக்கு இது தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். "உங்க கொழம்பு இத்தனை வருசமா வெளுத்துத்தான் கெடந்துது" என்று இந்தக் கட்டுரையை எட்டிப் பார்த்துவிட்டு இப்போது சொல்கிறாள்.

துக்கம் விசாரிக்கப் போனோம். எங்கள் பக்கத்தில் ஆண்கள் வரிசையாகப் போய் இழவு வீட்டாரின் கையைத் தொடுவது வழக்கம். அண்ணன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கவுண்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "முத்தையா, கடையை என்ன பண்றதா இருக்கே? அடுப்பைப் பாத்துக்கறதுக்கு ஒரு பொண்ணோ பையனோ இல்லாத ஊடாச்சே?"

வரிசை நகர்ந்தது. என் முறை வந்தது. கையை நீட்டினேன். பழக்க தோஷமோ என்னவோ, அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் கைகள் மேல் போட்டார். போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. எடுக்கப் போனார். அதற்குள் நான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துண்டு அப்படியே இருந்தது. பின்னால் நின்ற செல்லமுத்து கை நீட்டினார். அதற்குப் பின்னால் இன்னொருவர். வரிசை முடிந்ததும் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கவுண்டரிடம் சொன்னார்: "காரியம் கழிஞ்சு முதல் சந்தைக்குக் கடை தெறப்பேன். ஜாடியில விழுது இருக்கு. கைப்பக்குவம் பார்த்துப் பார்த்து எனக்கும் வரும்."

"எல்லாரும் எத்தனை விரல் புடிச்சாங்க?" என்றார் கவுண்டர்.

"சந்தையில வெல சொல்லுவாங்களாங்க?"

இழவு வீட்டில் சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டோம்.

கடை திறந்தது. நான் பிடித்த ஐந்து விரல் காரத்திலேயே கோழி வந்தது, குவியலுக்குள் ஒளிந்து. மூக்கு ஒழுகியது, காது அடைத்தது, உதட்டில் எறும்பு ஊர்ந்தது. சரசு என் பக்கம் மோரை நகர்த்தினாள், நான் தொடவில்லை. பொறுமையாகத் தேடி எல்லாத் துண்டுகளையும் எடுத்துத் தின்றேன். பிறகு மிளகாய்களை ஒன்று விடாமல் இலையின் ஓரத்தில் சிவப்பாகக் குவித்துவைத்துவிட்டு எழுந்தேன்.

மிச்சம் வைத்திருக்கிறேன் அக்கா, நீங்கள் சொல்லிக்கொடுத்த மரியாதைப்படி. போய் வாருங்கள்.