தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர்

புன்னைக்காயல் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், கொசு மருந்துப் புகை அடிக்க ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, மூக்கை மூடிய துண்டு, தோளில் கனத்த மிஷின். விழாக் கமிட்டி சார்பில் நான் கூடவே போனேன்.

திருவிழாக் கடைக்காரர்களை எல்லாம் வெளியே அனுப்பியாகிவிட்டது. இருந்தும் அவர் ஒவ்வொரு கடையிலும் தார்ப்பாயைத் தூக்கி, முழங்காலிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் புகை விட்டார்.

“எல்லாம் காலிதான் அண்ணாச்சி, சட்டுனு அடிங்க. ஜனம் வர ஆரம்பிச்சிரும்” என்றேன்.

வளையல் கடைக்குள் குனிந்தவர் அப்படியே உறைந்துபோனார். பலகைக்கு அடியில், விரித்த சேலையில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புகை விட்டிருந்தால், மிஷின் சத்தத்தில் அதன் அழுகை யார் காதிலும் விழுந்திருக்காது.

தண்ணீர் பிடிக்கப் போயிருந்த தாய் ஓடி வந்தாள். அவர் திட்டவில்லை, குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார்.

“உள்ள பாக்கணும்னு எப்படித் தோணுச்சு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

துண்டை இறக்கினார். “போன வருசம் வேற ஊர்த் திருவிழாவுல நான் பாக்கல, தம்பி.”

மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு அடுத்த கடையின் தார்ப்பாயைத் தூக்கினார். அது எந்த ஊர், என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.